அட்டெண்டன்ஸ் 75, அப்புறம்?

குமரி மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரிக்குப் போவது இன்று ஒரு செய்தியே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. நாகர்கோவிலில் 1893 முதல் இருக்கும் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, பெண்களுக்கென்று ஹோலி கிராஸ், கோணத்தில் அரசு கலைக் கல்லூரி. மேற்கே மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கல்லூரி. கடலோரத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே தூத்தூரில் ஒரு கல்லூரி. மலையோரத்தை விட்டுவிட்டால், பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் இறங்கிவிடலாம்.

ஆனால் நம் கவலையெல்லாம் சேருகிற வரைதான். கட் ஆஃப், அப்ளிகேஷன், ஃபீஸ். சேர்ந்த பிறகு மூன்று வருஷம் வகுப்பறைக்குள் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று வீட்டில் கேட்பது இரண்டே கேள்வி: அட்டெண்டன்ஸ் இருக்கா, அரியர் உண்டா? கல்லூரியும் பெரும்பாலும் அந்த இரண்டைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. 75 விழுக்காடு வருகை இருந்தால் ஹால் டிக்கெட். கொஞ்சம் குறைந்தால், அதைப் பொறுத்துக்கொள்ள காண்டொனேஷன் கட்டணம்.

இந்தக் கணக்கில் அடங்காத ஒன்றுக்குத்தான் கல்வியாளர்கள் 'மாணவர் ஈடுபாடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதோடு சேர்ந்தே வருவது 'உள்ளடக்கும் நடைமுறைகள்'. எந்த வீட்டிலிருந்து, எந்த மொழியோடு, எப்படிப்பட்ட உடலோடு வந்த மாணவரும் ஒதுங்கி நிற்க நேராதபடி வகுப்பையும் தேர்வையும் கல்லூரியின் அன்றாட ஏற்பாடுகளையும் அமைப்பது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வருஷத்தில் இவை இரண்டும் கல்லூரி அறிக்கைகளில் பக்கத்துக்குப் பக்கம் இடம்பெறும், எடுத்த இடம் பதிவாகும்படி ஜியோடேக் போட்ட புகைப்படங்களோடு. தனித்தனி அத்தியாயங்களாக இடம்பெறும் என்பதுதான் என் குறை. ஒரு பிள்ளை வகுப்போடு ஒட்டவில்லை என்றால், அவரிடம் என்ன கோளாறு என்று தேடுவதற்கு முன்னால் வகுப்பில் எது அவரை வெளியே நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தொடங்கிவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது.

ஈடுபாடு எங்கே இருக்கிறது?

முன் பெஞ்சில் ஒரு மாணவி. ஒருநாள் லீவு கிடையாது. போர்டில் எழுதுவதை அப்படியே நோட்டில் இறக்கிவிடுவார், அசைன்மென்ட் சொன்ன தேதிக்கு வந்துவிடும். கடைசி பெஞ்சில் ஒரு பையன். நோட்டு திறந்திருக்கும், பேனா ஓடாது. ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே, காலையில் நடத்திய பணவீக்கப் பாடத்தை வைத்து, மீன் விலை ஏறியதற்கு அது பொருந்துமா பொருந்தாதா என்று நண்பனோடு சண்டை போடுகிறான். இவர்களில் யாருக்கு ஈடுபாடு அதிகம்?

கேள்வியே கொஞ்சம் தப்பு. 2004இல் ஜெனிஃபர் ஃபிரெட்ரிக்ஸும் அவரோடு இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களும் ஈடுபாட்டை மூன்று பரிமாணங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, செயலில் தெரிவது: வருவது, எழுதுவது, கேட்பது, நேரத்துக்குக் கொடுப்பது. இரண்டாவது, மனசில் இருப்பது: இந்த வகுப்பு எனக்குப் பிடித்திருக்கிறதா, இங்கே நானும் ஒரு ஆள்தானா என்ற உணர்வு. மூன்றாவது, மூளை வேலை செய்வது: சொன்னதைத் தனக்குத் தெரிந்ததோடு ஒட்டிப் பார்ப்பது, புரியாத இடத்தில் முட்டி நிற்பது, திரும்ப முயல்வது. முன் பெஞ்சு மாணவிக்கு முதலாவது நிறைய இருக்கிறது, மூன்றாவது இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. கடைசி பெஞ்சுப் பையனுக்கு மூன்றாவது இருக்கிறது. முதலாவது இல்லாததால் அக மதிப்பெண்ணில் அடி வாங்குவான். வருகைப் பதிவேடு எண்ணுவது முதலாவதில் ஒரு சின்னத் துண்டை மட்டும்.

இரண்டாவதைத்தான் நாம் சுலபமாக விட்டுவிடுகிறோம். வின்சென்ட் டின்டோ என்ற சமூகவியலாளர் 1975இல், மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்று யோசித்து ஒரு விளக்கம் தந்தார். படிப்போடு ஒட்டுவது, கல்லூரியில் இருக்கும் மனிதர்களோடு ஒட்டுவது ஆகிய இரண்டையும் பொறுத்துத்தான் ஒருவர் நிற்பதும் போவதும் என்றார். 1984இல் அலெக்சாண்டர் ஆஸ்டின் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், மாணவர் தன் நேரத்தையும் உடல் உழைப்பையும் மனத்தையும் எவ்வளவு போடுகிறாரோ அந்த அளவுக்குத்தான் கற்றலும் வளர்ச்சியும் என்று எழுதினார். நியாயமான பேச்சுதான். ஆனால் எல்லோரிடமும் போடுவதற்கு ஒரே அளவு நேரம் இருக்கிறதா என்ற கேள்வி அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சனி, ஞாயிறு கல்யாண வீடுகளில் கேட்டரிங் வேலைக்குப் போய், திங்கள்கிழமை காலையில் முதல் ஹவரில் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பாடுபடும் பையன்கள் நம் ஊரில் எந்த வகுப்பிலும் இருக்கிறார்கள்.

"மக்களே, மனசிலாச்சா?"

நம் வகுப்பறைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அறுபது பேர் இருக்கும் வகுப்பு. ஆசிரியர் அரைமணி நேரம் நடத்திவிட்டுத் திரும்பி, "மக்களே, மனசிலாச்சா?" என்பார். "ஆச்சு சார்" என்று நாலு முன் பெஞ்சும் சேர்ந்து சொல்லும். சார் அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார். கேட்டதற்கும் போனதற்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்தது என்று வாட்ச்சைப் பார்த்தால் ஒரு நொடிகூட இருக்காது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுபதுகளில் இதையே அளந்து பார்த்தார். பள்ளி அறிவியல் வகுப்புகளில் ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் போதும், பதில்கள் நீளமாகின்றன, கேட்காமலே பேச வரும் பிள்ளைகள் கூடுகிறார்கள், 'தெரியாது' என்பது குறைகிறது என்று கண்டார். மூன்று நொடி! கல்லூரி வகுப்பில் செய்து பாருங்கள், அந்த மௌனம் எவ்வளவு நீளமாகத் தெரியும் என்று. நாலாவது நொடியில் நடுப் பெஞ்சிலிருந்து ஒரு கை பாதி உயரும்.

ஆனால் சும்மா காத்திருந்தால் மட்டும் எல்லோரும் பேசிவிட மாட்டார்கள். பேசாமல் இருப்பதற்கு இங்கே தனிக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் மொழி. பன்னிரண்டு வருஷம் தமிழ்வழியில் படித்துவிட்டு பி.எஸ்ஸி. வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே 'டெரிவேடிவ்', 'ஈக்விலிப்ரியம்' என்று வந்து விழுகிறது. வகைக்கெழு அவருக்குத் தெரியும், சமநிலை தெரியும். அதுதான் இது என்று யாரும் சொல்லாததால் எல்லாமே புதுசு என்று நினைத்துக்கொள்கிறார். விளவங்கோடு பக்கத்தில் மலையாளவழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இன்னொரு திருகு: போர்டில் ஆங்கிலம், விளக்கம் தமிழில், யோசிப்பது மலையாளத்தில். புதுக் கலைச்சொல் வரும்போதெல்லாம் போர்டின் ஓரத்தில் தமிழ்ச் சொல்லையும் எழுதிவிடுவதற்கு ஆகும் செலவு கொஞ்சம் சாக்பீஸ். முதல் பருவத்துக்கு ஒரு பக்கக் கலைச்சொல் பட்டியலை மாணவர்களையே தயாரிக்கச் சொன்னால், தமிழ்வழிப் பிள்ளைதான் அந்த வேலையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறவர். தேர்வைப் பொறுத்தவரை, ஆங்கிலவழிப் படிப்பானாலும் தாய்மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்கும்படி 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதற்கும் மாணவர் துணிந்து எழுதுவதற்கும் நடுவே வகுப்பு ஆசிரியர் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது: "எழுதலாம்."

இரண்டாவது காரணம் பேச்சு. குமரியில் பத்து மைலுக்கு ஒரு தமிழ். நாகர்கோவில் பேச்சு வேறு, களியக்காவிளைப் பேச்சு வேறு, கடப்புறத்துப் பேச்சு முற்றிலும் வேறு. முதல் வருஷத்தில் இணையம் என்ற கடலோர ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை எழுந்து வாயைத் திறக்கிறது, பின்னாலிருந்து அதே இழுவையில் ஒருவன் திருப்பிச் சொல்கிறான், வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியரும் லேசாகச் சிரித்துவிடுகிறார், கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு அந்த வகுப்பில் பேசுவதில்லை. அடுத்த மூன்று வருஷம் 'அமைதியான மாணவி' என்று பெயரெடுக்கிறது. ஈடுபாடு இல்லை என்று நாம் குறித்துக்கொள்வதில் எத்தனை இப்படி உண்டானது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இதற்கு ஒரு எளிய வழி, ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981இல் சொன்னது. கேள்வியைப் போடு, ஒரு நிமிஷம் தனியாக யோசிக்க விடு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் பேசவிடு, அப்புறம் ஒரு ஜோடியைச் சொல்லச் சொல். அறுபது பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை ஒருவரிடம் பேசும். பேசிப் பார்த்த பதிலைச் சொல்வதற்குத் துணிச்சலும் வரும்; "நாங்க இப்படி நினைச்சோம் சார்" என்று சொல்லலாம் இல்லையா, தப்பானாலும் இரண்டு பேர் தப்பு. வகுப்பு முடியும்போது ஒரு துண்டுச் சீட்டில் 'இன்று புரியாத ஒன்று' என்று எழுதி வாங்குவது இன்னொரு வழி. பெயர் வேண்டாம். பத்து சீட்டைப் படித்தாலே "ஆச்சு சார்" எவ்வளவு பொய் என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் நேரத்தைத் தின்னும், போர்ஷன் முடியாது என்பார்கள். போர்ஷன் முடிவதும் முக்கியம்தான். ஆனால் 2014இல் ஸ்காட் ஃபிரீமனும் குழுவினரும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மாணவர்களைச் செய்ய வைத்தும் பேச வைத்தும் நடத்திய வகுப்புகளோடு ஒப்பிட்டால், வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வியடைய வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று தெரிந்தது. போர்ஷனை யாருக்காக முடிக்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

உள்ளே வந்தவர்களுக்கு இடம்

எல்லோரையும் உள்ளடக்குவது என்ற பேச்சு குமரிக்குப் புதிதா என்ன? யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் மேலாடை போடலாம் என்பதற்கே ரத்தம் சிந்திய மண் இது. தோள்சீலைப் போராட்டம் முடிந்து ஆணை வந்தது 1859இல். அதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1819இல், நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியாகிவிட்டது. இந்த ஊரில் படிப்பும் நுழைவுரிமையும் சேர்ந்தே வந்தவை. அந்தப் பழைய சண்டை கதவைத் திறப்பதற்கு. இன்றைய வேலை உள்ளே வந்தவர் உட்காரவும் பேசவும் இடம் பண்ணுவது. கதவு அகலமாகத் திறந்திருக்கும் இடத்தில் இது சுலபத்தில் கண்ணுக்குப் படாது.

நாள்காட்டியிலிருந்து ஒரு எடுத்துக்காட்டு. மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் எல்லாம் அதில் அடங்கும். கல்லூரி திறப்பதும் ஃபீஸ் கட்டச் சொல்வதும் அதே ஜூனில். விசைப்படகு கரையில் கிடக்கிற, வீட்டில் ஒரு காசு வராத இரண்டு மாசத்தில்தான் கடப்புறத்துப் பிள்ளை 'ஃபீஸ் கட்டாதவர்' பட்டியலில் நோட்டீஸ் போர்டில் வருகிறது. சின்னமுட்டம் பக்கத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கடலோர மாணவர்கள் நிறையப் படிக்கும் ஒரு கல்லூரி கடைசித் தேதியை ஆகஸ்டுக்குத் தள்ளினாலோ இரண்டு தவணையாகப் பிரித்தாலோ யார் குடியும் முழுகிவிடாது. யாருக்கும் சலுகை கொடுத்ததாகவும் ஆகாது. எல்லோருக்கும் அதே தேதிதானே.

மலைப் பக்கம் வேறு கதை. குலசேகரம், திருவட்டாறு, கீரிப்பாறைப் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டு வெள்ளாப்பிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் குறையும். அப்பாவுக்கு உதவியாக வெட்டிவிட்டு, குளித்து, பஸ் பிடித்து வரும் பையனுக்கு முதல் ஹவரில் தூக்கம் வருவது அலட்சியத்தால் வருவதில்லை. பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் சிலவற்றுக்குப் படகில்தான் போக வேண்டும். போன் சிக்னல் வந்து வந்து போகும். "இன்று இரவு பத்து மணிக்குள் கூகுள் கிளாஸ்ரூமில் போட்டுவிடுங்கள்" என்ற ஒரு வரி அங்கிருந்து வரும் பிள்ளையைத் தனியாகப் பிரித்து வெளியே நிறுத்திவிடுகிறது. மறுநாள் கல்லூரிக்கு வந்து லைப்ரரி கம்ப்யூட்டரில் போடலாம் என்று அதை மாற்றினால், அன்று போனில் டேட்டா தீர்ந்துபோன டவுன் பையனும் பிழைத்துக்கொள்கிறான்.

இந்த டவுன் பையன் விஷயம் முக்கியம். ஒரு தடையை ஒருவருக்காக எடுத்தால், நாம் நினைத்துப் பார்க்காத வேறு நாலு பேருக்கும் வழி கிடைக்கிறது. ரொனால்ட் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், தாமே சக்கர நாற்காலியில் இயங்கியவர், இந்தச் சிந்தனையைக் கட்டடக் கலையில் 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்று முன்வைத்தார். கட்டி முடித்த பிறகு ஊனமுற்றவருக்கென்று தனியாக ஒரு வழி ஒட்டுப்போடாதே, முதலிலேயே எல்லோரும் நுழைவது மாதிரிக் கட்டு. இதைப் படிப்புக்குக் கொண்டுவந்தது 1984இல் மாசசூசெட்ஸில் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பு. அவர்கள் சொல்வது சுருக்கமாக இது: பாடத்தின் மேல் ஆர்வம் வருவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் வை, ஒரே விஷயத்தைப் பேச்சிலும் எழுத்திலும் படத்திலும் காட்டு, தெரிந்ததை வெளிப்படுத்தவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி கொடு.

சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடம். எழுதுவதில் சிரமம் உள்ளவருக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும், மணிக்குக் குறைந்தது 20 நிமிஷம் கூடுதல் நேரமும். மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் அதிகம். இந்தக் கடைசி விவரம் தெரியாமலே டிகிரி முடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சட்டத்துக்கு வெளியே, செலவில்லாமல் ஆகிற காரியமும் நிறைய. சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு வகுப்பு இரண்டாவது மாடியில் என்றால், லிஃப்ட்டுக்கு நிதி எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றிவிடலாம். டைம்டேபிள் போடுகிறவருக்கு அரைமணி நேர வேலை. நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவது பார்க்க உருக்கமாக இருக்கும், போட்டோவும் நன்றாக வரும். தினமும் தூக்கப்படுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் வேறு பதில் வரும்.

நல்லெண்ணம் செய்யும் காயம்

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளடக்குவது என்ற பெயரிலேயே அதிகம் நடக்கும் தப்பு இதுதான்.

முதல் நாள் முதல் ஹவர். "எல்லாரும் செல்ஃப் இன்ட்ரோ கொடுங்க." பெயர், படித்த பள்ளி, அப்பா என்ன வேலை, ஆங்கிலத்தில். டாக்டர், பேங்க் மேனேஜர், துபாயில் சூப்பர்வைசர் என்று வரிசையாக வருகிறது. அம்மா அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிற பிள்ளை தன் முறை வருவதற்குள் நாலு பொய் யோசித்துவிடும். 2017 நவம்பர் 30இல் ஓகிப் புயல் தகப்பன்மாரைக் கடலோடு கொண்டுபோன ஊர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வந்த பிள்ளையிடம் அறுபது பேர் முன்னால் அப்பாவைப் பற்றிக் கேட்பதால் யாருக்கு என்ன லாபம்? ஈடுபாட்டை வளர்க்கத்தான் இந்த அறிமுகம். பெயரும், ஊரும், சமைக்கத் தெரிந்த ஒரு கறியும் சொல்லச் சொன்னாலும் அறிமுகம் ஆகிவிடும், வகுப்பும் கலகலப்பாகும்.

இன்னொன்று ஸ்காலர்ஷிப். அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வரும். பாடம் நடுவே, "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பேர் வாசிக்கிறேன், எழுந்து ஆபீசுக்குப் போங்க." நாற்பது நொடியில் யார் என்ன சாதி என்று வகுப்புக்கே தெரிந்துவிட்டது. வாசித்தவர் சாதி பார்க்காதவராக இருக்கலாம். சரி, கேட்டுக்கொண்டிருந்த அறுபது பேரும் அப்படியா? அந்தப் பணம் மாணவரின் உரிமை. அவர் போனுக்கு ஒரு மெசேஜ் போதும். யுஜிசி 2012இல் கொண்டுவந்த விதிமுறைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுப் புகாரைக் கேட்க ஒரு அலுவலரும் வேண்டும் என்றன. அந்த அறைக்கு ஒரு பிள்ளை புகாரோடு வரும் அளவுக்குப் போவதற்கு முன்னால், இந்த மாதிரி வாசிப்புகள் எத்தனை நடந்திருக்கும்!

'மெதுவாகக் கற்போர்' பட்டியலும் இதே வகைதான். கற்கும் நிலையைக் கணித்து உதவுங்கள் என்று தர மதிப்பீட்டில் கேட்டார்கள். கல்லூரிகளில் அது முதல் இன்டெர்னல் மார்க்கை வைத்துப் பெயர்ப் பட்டியலாகி, சாயங்கால ஸ்பெஷல் கிளாஸாகிவிட்டது. நாலு மணிக்கு மேல் கிளாஸ் என்றால் மலையோரத்துக் கடைசி பஸ்ஸும் போய்விடும். உதவி தேவைப்படுகிறவருக்கே எட்டாத நேரத்தில் உதவி! மன்றக் கூட்டங்கள், விளையாட்டு, நாடக ஒத்திகை எல்லாம் சாயங்காலத்தில் வைத்தால் வருவது டவுன் பிள்ளைகளும் ஹாஸ்டல் பிள்ளைகளும் மட்டுமே. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான், ஆனால் பஸ் இருக்கிற நேரத்துக்குத்தான் அந்த உதவியும். மதியம் ஒரு ஹவரை மன்றத்துக்கென்று டைம்டேபிளிலேயே போட்டுவிட்டால் கூட்டத்தின் முகமே மாறும்.

அப்புறம் குழு வேலை. "நீங்களே நாலு நாலு பேராப் பிரிஞ்சுக்கோங்க" என்று விட்டால் வகுப்பு ஊர்வாரியாக, பஸ்வாரியாக, சொல்ல வேண்டாமே, சாதி மதவாரியாகவும் பிரிந்து உட்காரும். கடைசியில் எந்தக் குழுவிலும் சேராமல் இரண்டு பேர் நிற்பார்கள். அவர்களை ஏதாவது ஒரு குழுவில் ஆசிரியர் திணிப்பார். ஆரம்பத்திலேயே சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் யாரும் திணிக்கப்பட்டவராக ஆவதில்லை.

தரம் குறையாதா?

நியாயமான கேள்வி, முதலில் வருவதும் இதுதான். எதைச் சோதிக்கிறோம் என்று தெளிவாக இருந்தால் பதில் சுலபம். வரலாற்றுத் தாளில் சோதிப்பது காரண காரியத்தை விளக்கும் திறமை என்றால், கை வேகமாக எழுதுகிறதா என்பது அதில் சேராது; கூடுதல் நேரம் கொடுப்பதால் வரலாறு சுலபமாகிவிடாது. அதே சமயம் வேதியியல் ஆய்வகத்தில் அளவு பிசகாமல் கரைசல் தயாரிப்பதுதான் பாடம் என்றால், அதைத் தவிர்க்க முடியாது. மேசையின் உயரம், கருவி, உதவிக்கு நிற்கும் ஆள் ஆகியவற்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். பாதை மாறலாம், போய்ச் சேரும் இடம் மாறக்கூடாது. எல்லாவற்றையும் ஈஸியாக்கிப் பாஸ் போடுவதும் ஒருவகை ஒதுக்கல்தான். உன்னால் இவ்வளவுதான் முடியும் என்று முகத்தில் சொல்வது அது.

ஆசிரியர் பக்கமும் பேச வேண்டும். அறுபது பேர் வகுப்பு, கௌரவ விரிவுரையாளர் சம்பளம், தட்டச்சு செய்து தீராத அறிக்கைகள். இதில் ஒவ்வொரு பிள்ளையையும் கவனி என்றால் யாருக்கும் கோபம் வரும். மென்டர் முறை என்று இருபது பேரை ஒருவர் பொறுப்பில் விடுகிறார்கள், பெரும்பாலும் அது நோட்டில் கையெழுத்தாகவே முடிகிறது. என் எண்ணம், இருபது பேரையும் மாதம் ஒருமுறை பார்க்க முயல்வதைவிட, முதல் பருவத்தின் முதல் ஆறு வாரத்துக்குள் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒருமுறை கால்மணி நேரம் பேசினால் அதிகம் கிடைக்கும். எந்த பஸ்ஸில் வருகிறாய், மதியம் யாரோடு சாப்பிடுகிறாய், வீட்டில் படிக்க இடம் உண்டா, வேலைக்குப் போகிறாயா. மூன்றாவது கேள்விக்குள் விஷயம் வந்துவிடும். மதியம் தனியாகச் சாப்பிடும் பிள்ளைதான் பூஜா விடுமுறைக்குப் பிறகு வராமல் போகும் பிள்ளை என்று டின்டோவைப் படிக்காத எந்த அனுபவசாலி ஆசிரியரும் சொல்வார்.

அரசின் புதுமைப் பெண் திட்டம் 2022 முதலும், தமிழ்ப் புதல்வன் 2024 முதலும், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகின்றன. பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ் செலவுக்கு அது தாங்கும். வகுப்புக்குள் நடக்க வேண்டியது வகுப்புக்குள்தான் நடக்க வேண்டும்.

பெற்றோரும் மாணவரும் அட்மிஷன் சமயத்தில் கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஃபீஸைத் தவணையில் கட்டலாமா? தமிழில் தேர்வு எழுத விடுவார்களா? முதல் வருஷத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் வருஷம் வரை வந்தார்கள்? பிளேஸ்மென்ட் விழுக்காடு பேனரில் இருக்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் பேனரில் இருக்காது, ஆபீஸில் இருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. பருவ முடிவில் வாங்கும் கருத்துப் படிவத்தை நடுவில், ஐப்பசி மழை லீவுக்கு முன்னால், ஒருமுறை பெயரில்லாமல் வாங்கிப் பாருங்கள். இந்த வகுப்பில் கற்க உதவுவது எது, தடுப்பது எது என்று இரண்டே கேள்வி. அடுத்த வகுப்பில் ஐந்து நிமிஷம் எடுத்து, இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது என்று சொல்லிவிட வேண்டும். "போர்டில் சின்னதாக எழுதுகிறீர்கள் சார்" என்றுதான் பாதிச் சீட்டு இருக்கும்.